போட்ட காசும் பிடித்த பிடியும்

‘முன் வைத்த காலைப் பின் வைக்காதே’ என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கி வரும் சொல். மன உறுதியைப் போற்றும் சொல் அது. மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் என் போன்றோர் அதனை எத்தனையோ முறை எடுத்தாண்டிருப்போம். நானும் எடுத்தாண்டிருக்கிறேன். ஆனால் ஒரு முறை, எடுத்தாளக் கூடாத இடத்தில் அதனை எடுத்தாண்டுவிட்டேன். அதன் விளைவாக ஒரு வீட்டின் தங்கம் போயிற்று. மற்றொரு வீட்டின் சேமிப்பும் போயிற்று. அந்தப் பிழையை ஒப்புக்கொள்வதும், அது எவ்விடத்தில் பிழையாயிற்று என்று ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

“மாமா, விட்டுவிடட்டுமா?”

நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது இது. என் தங்கை மகள் நாகர்கோவிலில் கோட்டாற்றை அடுத்த தெரு ஒன்றில் வசிக்கிறாள். கணவருக்குச் சவூதியில், தம்மாம் நகரில் வேலை. பிள்ளைகள் இருவர். படித்தவள்; கணக்கு அறிந்தவள்; வீண் செலவு அறியாதவள். பள்ளித் தோழி ஒருத்தி அழைத்தாள் என்று, ஒரு திருமண மண்டபத்தில் நடந்த கூட்டத்திற்குப் போனாள். நேரடி விற்பனை என்றார்கள். கடை வேண்டாம், வாடகை வேண்டாம், வீட்டிலிருந்தபடியே வருமானம் என்றார்கள். சேருவதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. ஆனால் 15,000 ரூபாய்க்கு ‘முதல் கொள்முதல்’ செய்தாக வேண்டும் என்றார்கள். இரண்டு வளையல்களை வங்கியில் அடகு வைத்து அத்தொகையைக் கட்டினாள். சத்து மாவும் சோப்பும் தேயிலையும் அடங்கிய பெட்டிகள் வீடு வந்து சேர்ந்தன.

மூன்று மாதங்கள் கழிந்தன. உறவினர் நால்வர் முகதாட்சண்யத்துக்காக வாங்கினார்கள். மறுமுறை வாங்க எவரும் வரவில்லை. அதே போன்ற பொருள் கடைத்தெருவில் பாதி விலைக்குக் கிடைக்கும்போது எவர்தாம் வருவார்? ஒரு நாள் மஃரிபுக்குப் பின் என் வீட்டிற்கு வந்தாள். என் மனைவி கொடுத்த தேநீரைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்னர், “மாமா, இதை விட்டுவிடட்டுமா?” என்று கேட்டாள்.

நான் அவளிடம் எவ்வளவு விற்றது, எவ்வளவு தங்கியிருக்கிறது, மீண்டும் வாங்குவோர் உண்டா என்றெல்லாம் கேட்டிருக்க வேண்டும். எதையும் கேட்கவில்லை. “காசைப் போட்டுவிட்டாய் மகளே, போட்ட காரியத்தைப் பாதியில் விடலாமா? பொறுமை வேண்டும். முன் வைத்த காலைப் பின் வைக்காதே” என்று சொல்லி அனுப்பினேன். அவள் முகம் தெளிந்தது. அவள் கேட்க விரும்பி வந்த விடையும் அதுவே என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த மாதமே, ‘மேல் படிக்கு’ உயர்வதற்காக மேலும் 28,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தாள். மீதமிருந்த நகையும் அடகுக்குப் போயிற்று. போட்டதை மீட்க வேண்டுமாயின் தனக்குக் கீழே ஆள் சேர்க்க வேண்டும் என்று மேலே இருந்தவர்கள் சொல்லவே, அடுத்த வீட்டில் தையல் வேலை செய்து பிழைக்கும் விதவைப் பெண்மணி ஒருவரையும் சேர்த்துவிட்டாள். புதிய தையல் இயந்திரம் வாங்குவதற்காக அந்த அம்மையார் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த 15,000 ரூபாய் அவ்வழியே சென்றது. ஓராண்டுக்குள் எல்லாம் அடங்கிற்று. எங்கள் வீட்டுக் கணக்கில் 43,000 ரூபாயும் அதற்கான வட்டியும் நட்டம். அந்த அம்மையாரின் நட்டம் தனி.

காசு கவனத்தைத் தருமா?

இத்தகைய வணிகத்தை நடத்துவோர் தங்கள் பக்கம் ஒரு நியாயம் சொல்வார்கள். ‘தொடக்கத்தில் ஒரு தொகையைப் போட்டால்தான் மனிதனுக்கு ஈடுபாடு வரும். ஒன்றும் போடாமல் சேர்ந்தவன் இரண்டு நாளில் மறந்துவிடுவான். ஆகவே முதல் தொகை என்பது உழைக்கும் எண்ணம் உடையவரையும் இல்லாதவரையும் பிரித்துக் காட்டும் சல்லடை’ என்பது அவர்கள் வாதம். இது முற்றிலும் பொய்யான வாதம் என்று தள்ளிவிட முடியாது. மாலை மதரஸாவில் இலவசமாய்க் கொடுத்த பாட நூல்கள் சில மாதங்களில் அட்டை இழந்து கிடந்ததையும், இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்த நூல்கள் உறை போடப்பட்டு வந்ததையும் நானே கண்டிருக்கிறேன். இலவசமாய் வந்ததற்கு மதிப்புக் குறைவு என்பது நாம் அனைவரும் அறிந்ததே.

மேனாட்டு அறிஞர்கள் இதனைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் ஒரு பருவத்திற்குரிய அனுமதிச் சீட்டின் விலை 15 டாலராக இருந்தது. சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்கு 2 டாலர் தள்ளுபடியிலும், சிலருக்கு 7 டாலர் தள்ளுபடியிலும் சீட்டுக் கொடுத்தார்கள். எவருக்கு எவ்விலை என்பது தற்செயலாகவே அமைந்தது. பின்னர் எவர் எத்தனை நாடகங்களுக்கு வந்தார் என்று எண்ணினார்கள். பருவத்தின் முதற்பாதியில் நடந்த 5 நாடகங்களில், முழு விலை கொடுத்தோர் சராசரியாக 4க்குச் சற்று மேலும், தள்ளுபடி பெற்றோர் 3க்குச் சற்று மேலும் வந்திருந்தார்கள். ஹால் ஆர்க்ஸ், காதரின் புளூமர் என்னும் இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வு இது. கொடுத்த காசு மனிதனை இழுத்து வருகிறது என்பதற்கு இதனையே சான்றாகக் காட்டுவார்கள்.

ஆனால் அந்த ஆய்வின் மறுபாதியைப் பலர் சொல்வதில்லை. பருவத்தின் பிற்பாதியில் அந்த வேற்றுமை மறைந்துவிட்டது. முழு விலை கொடுத்தவரும் குறை விலை கொடுத்தவரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே வந்தார்கள். காசு ஊட்டிய ஊக்கம் சில மாதங்களே நின்றது. அதன் பின், நாடகத்தில் உண்மையான நாட்டம் உடையவரே நிலைத்தார்கள்.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. ஆப்பிரிக்காவில் கென்ய நாட்டில், கருவுற்ற பெண்களுக்கு மலேரியாவைத் தடுக்கும் கொசு வலை வழங்கினார்கள். இலவசமாய்க் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், விலை வைத்தால்தான் பயன்படுத்துவார்கள் என்பது பலருடைய எண்ணமாக இருந்தது. ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டுபாஸ் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் அதனைச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். இலவசமாய் இருந்த வலைக்கு 60 அமெரிக்கக் காசு விலை வைத்தவுடன், வாங்குவோர் விகிதம் 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாய் வலை பெற்ற பெண்களோ, காசு கொடுத்து வாங்கிய பெண்களைப் போலவே அதனைப் பயன்படுத்தினார்கள். விலை என்னும் சல்லடை, அக்கறை அற்றவரை விலக்கவில்லை. கையில் காசு இல்லாதவரையே விலக்கிற்று.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தொடக்கத்தில் போடும் காசு சிறிது காலம் மனிதனைப் பிடித்து வைக்கும். ஆனால் அவன் பற்றியிருக்கும் காரியம் நல்லதா, அவனுக்கு அதில் திறன் உண்டா என்பதைப் பற்றி அக்காசு எதுவும் சொல்லாது. பிடிப்பு ஒன்று, பொருத்தம் வேறொன்று.

மூவகை முதல்

முதல் போடாமல் தொழில் உண்டா என்று கேட்கலாம். இல்லைதான். குளச்சலில் கடலுக்குப் போகிறவருக்கு வலை வேண்டும். தோவாளையில் பூ வாங்கி விற்பவருக்கு அன்றன்றைக்குக் கைக்காசு வேண்டும். தையற்காரருக்கு இயந்திரம் வேண்டும். இவர்களுடைய முதலுக்கும் என் தங்கை மகள் போட்ட முதலுக்கும் என்ன வேற்றுமை?

முதல் மூவகைப்படும் எனலாம். முதலாவது, கருவிக்குப் போடும் முதல். தொழில் நின்றாலும் கருவி கையில் இருக்கும். விற்றால் ஒரு பகுதியேனும் திரும்பும். இரண்டாவது, சரக்குக்குப் போடும் முதல். சந்தை விலைக்கு வாங்கிய சரக்காயின், இலாபம் இல்லாவிட்டாலும் வந்த விலைக்கேனும் தள்ளிவிடலாம். மூன்றாவது, வரிசையில் ஓர் இடத்திற்குப் போடும் முதல். இன்னொருவருக்குக் கீழே நின்று, இன்னும் சிலருக்கு மேலே நிற்கும் உரிமையை விலை கொடுத்து வாங்குவது அது. அந்த உரிமையை வெளியே எவரும் வாங்க மாட்டார்கள். வரிசையை விட்டு விலகிய மறுகணமே அதன் மதிப்பு ஒழிந்து போகும்.

15,000 ரூபாய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தால் மேலே சரக்கு தெரியும். கடைத்தெரு விலைக்கு மதிப்பிட்டால் அது பாதிப் பணத்தின் சரக்கு. மற்றப் பாதி வரிசையில் நிற்பதற்குரிய விலை. சரக்கு என்னும் போர்வையில் இடம் விற்கப்படுகிறது. மனிதனை மிகக் கடுமையாகப் பிடித்து வைப்பது இந்த மூன்றாம் வகை முதலே. மீனவர் கடலில் மீன் இல்லையென்றால் வலையை விற்றுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். வரிசையில் இடம் வாங்கியவருக்கோ, விட்டால் எல்லாம் போயிற்று. நின்றால் நம்பிக்கையேனும் உண்டு. ஆகவே நிற்கிறார். அதனை ஈடுபாடு என்று பெயரிட்டு மேடையில் பாராட்டுகிறார்கள்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில், துணி மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்ற வணிகர்கள் எங்கள் தெருவுக்கு வருவார்கள். அதுவும் நேரடி விற்பனையே. கடைக்காரரிடம் துணியைக் கடனாக எடுத்து வருவார்கள். விற்றதற்குக் கணக்குக் கொடுத்து, விற்காததைத் திருப்பிக் கொடுப்பார்கள். எங்கள் தாய்மார் தவணையில் வாங்கினார்கள். சரக்கு முடங்கினால் அந்தச் சுமை கடைக்காரருடையது. சுமந்தவருக்கு அன்றைய நடை வீண், அவ்வளவே. இன்றைய ஏற்பாட்டில் சுமப்பவரே சரக்கின் நட்டத்தையும் சுமக்கிறார்.

மார்க்க நூல்கள் காட்டும் நியாயம்

நம் ஃபிக்ஹு நூல்களில் கிராள் என்றும் முளாரபா என்றும் சொல்லப்படும் கூட்டு வணிகத்தை மாணவர்கள் படித்திருப்பார்கள். ஒருவர் பொருள் இடுவார். மற்றவர் உழைப்பு இடுவார். இலாபத்தைப் பேசியபடி பகிர்வார்கள். உழைப்பவருடைய குற்றமின்றி நட்டம் வந்தால், பொருள் இட்டவருக்குப் பொருள் நட்டம். உழைத்தவருக்கு உழைப்பு நட்டம். கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்துக்குக் கொண்டு சென்றபோது, பொருள் அம்மையாருடையது; உழைப்பும் நாணயமும் நாயகத்தினுடையவை. பொருள் உடையவர் பொருளைப் பணயம் வைக்கிறார். உழைக்க வருபவரிடம் பொருள் கேட்பதில்லை. இன்றைய வரிசை வணிகத்தில் இம்முறை தலைகீழாகிறது. உழைக்க வருகிறவளே பொருளையும் கொண்டு வருகிறாள்; நட்டமும் அவளுக்கே; இலாபத்தின் பெரும்பகுதி மேலே போகிறது.

மற்றொன்றையும் கருத வேண்டும். அச்சாரம் கொடுத்து, வாங்காவிட்டால் அச்சாரத்தை விற்பவரே வைத்துக்கொள்வது என்னும் ஒப்பந்தத்தை அரபியில் ‘உர்பூன்’ என்பர். ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ ஆகிய மூன்று மத்ஹபுகளின் அறிஞர்களும் இதனை ஏற்கவில்லை. மாற்றாக எதுவும் கொடாமல் ஒருவர் பொருளை மற்றவர் உண்பதாகும் என்று கண்டார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் இதனை அனுமதித்தார்கள். 1993இல் புருனையில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹு மன்றம், காத்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டிருந்தால் கூடும் என்று முடிவு செய்தது. அனுமதித்தோர் கூடக் கால எல்லையை வற்புறுத்தினார்கள் என்பது கவனிக்கத் தக்கது. கொடுத்த காசு மனிதனை எல்லையின்றிக் கட்டிப்போட்டு விடலாகாது என்பதில் இரு சாராருக்கும் அக்கறை இருந்தது.

இன்னும் அழகானது ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) அவர்களின் செய்தி. தலையில் பட்ட காயத்தால் அறிவும் நாவும் தளர்ந்திருந்த அவர், கடைத்தெருவில் அடிக்கடி ஏமாந்து வந்தார். வணிகத்தை விட்டுவிடவும் அவரால் இயலவில்லை. அவர் வாங்கும்போதெல்லாம் ஏமாற்று இருக்கக் கூடாது என்று சொல்லிவிட வேண்டும் என்றும், மூன்று நாள் வரை திருப்பிக் கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. இதிலிருந்து பிறந்ததே ‘கியாருஷ் ஷர்த்’ என்னும் விலகும் உரிமை. வாங்கிய சூடு தணிந்தபின் மனிதன் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க ஓர் இடைவெளி வேண்டும் என்பதே அதன் உட்கிடை. மண்டபத்தில் கைதட்டலும் இசையும் முழங்கும்போதே கையொப்பம் வாங்கும் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தரகுக் கூலியும், பொருளை விற்றுக் கொடுத்ததற்குரிய கமிஷனும் ஆகுமானவை என்பதில் ஐயமில்லை. சிக்கல் எழுவது, பொருளைச் சாக்காக வைத்து ஆள் சேர்ப்பதற்குப் பணம் பெறும் இடத்தில்தான். சவூதி அரேபியாவின் நிரந்தர ஃபத்வாக் குழு ஹிஜ்ரி 1425இல், அதாவது 2004இல், இத்தகைய அடுக்கு வணிகத்தை விலக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தது. இந்தோனேசிய உலமா சபையின் ஷரீஅத் குழு 2009இல் வேறொரு வழியை மேற்கொண்டது. உண்மையான பொருள் இருக்க வேண்டும், கமிஷன் உண்மையான விற்பனையின் அளவுக்கு ஏற்ப அமைய வேண்டும், உழைக்காமல் கீழிருப்பவரின் உழைப்பில் தொடர்ந்து உண்ணும் நிலை இருத்தலாகாது, விலையை அளவு மீறி ஏற்றலாகாது என்பன போன்ற நிபந்தனைகளோடு நேரடி விற்பனைக்கு இடம் கொடுத்தது. இரண்டும் நோக்குவது ஒரே கேள்வியைத்தான்: காசு எதற்காகக் கைமாறுகிறது, பொருளுக்காகவா, ஆளுக்காகவா?

எட்டாம் படி

என் தங்கை மகள் காட்டிய தாளில் ஒரு படம் இருந்தது. ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும். அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்க வேண்டும். பார்க்க எளிதாய் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுப்பது போல் ஒரு நாள் உட்கார்ந்து பெருக்கினேன். 6, 36, 216, 1,296, 7,776, 46,656, 2,79,936, எட்டாம் படியில் 16,79,616. தொடங்கியவரையும் சேர்த்து மொத்தம் 20,15,539 பேர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் சேர்ந்தாலும் எட்டாம் படி நிரம்பாது.

மேலும் ஒன்று. எந்தப் படியில் நின்றாலும், மொத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பேர் அடிப்படியில் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே எவரும் இல்லை. அவர்கள் சோம்பியதாலோ பொறுமை இழந்ததாலோ அப்படி ஆனதன்று. கணக்கின் அமைப்பே அது. ஆயினும் தோற்றவரிடம் என்ன சொல்கிறார்கள்? ‘உனக்கு உறுதி போதவில்லை’ என்கிறார்கள். கணக்கின் குற்றத்தை மனிதன் தலையில் சுமத்துகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன் என்பதை நினைக்கும்போது நாணம் மேலிடுகிறது.

சட்டம் நடந்து வந்த வழி

வீடு தேடிச் சென்று விற்கும் வணிகம் புதியதன்று, இழிவானதும் அன்று. அமெரிக்காவில் பின்னாளில் ஏவான் என்று பெயர் பெற்ற நிறுவனம் 1886இலேயே பெண்களைக் கொண்டு வீடு வீடாக நறுமணப் பொருள்களை விற்றது. நம் நாட்டில் 1982 முதல் யுரேகா ஃபோர்ப்ஸ் விற்பனையாளர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சிக்கல் வந்தது வேறு வழியில். காஸ்காட் என்னும் அமெரிக்க அழகுப் பொருள் நிறுவனத்தில் உயர்ந்த படியில் சேர ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வேண்டியிருந்தது. ஆள் சேர்ப்பவருக்கு அத்தொகையிலிருந்தே பங்கு கிடைத்தது. அந்நாட்டின் வணிக ஆணையம் 1975இல் அதனைச் சட்ட விரோதம் என்று முடிவு செய்தது. அதே ஆணையம் 1979இல் ஆம்வே நிறுவனத்தைப் பற்றி வேறு விதமாக முடிவு செய்தது. பெருந்தொகை கட்டிச் சேர வேண்டியதில்லை, விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், சரக்கைத் தேக்கி வைக்காமல் வெளியாருக்கு விற்க வேண்டும் என்ற விதிகள் அங்கு இருந்தமை அதற்குரிய காரணங்களுள் முக்கியமானவை. தொடக்கச் செலவும், அதனைத் திரும்பப் பெறும் வழியுமே நேர்மையான வணிகத்தையும் வலையையும் பிரிக்கும் கோடாக அமைந்தன.

நம் நாட்டில் 1978ஆம் ஆண்டிலேயே பரிசுச் சீட்டுகளையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் தடை செய்யும் சட்டம் வந்துவிட்டது. அதன்படியே ஆம்வே நிறுவனத்தின் இந்தியத் திட்டத்தை 2007இல் ஆந்திர உயர்நீதிமன்றம் ஆராய்ந்து, அது அச்சட்டத்தின் வரையறைக்குள் வருவதாகக் கருதியது. அண்டை மாநிலமான கேரளத்தில் 2013 மே மாதம் அந்நிறுவனத்தின் இந்தியத் தலைவரும் இரு இயக்குநர்களும் கைது செய்யப்பட்டுப் பிணையில் வெளிவந்தார்கள். 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை அந்நிறுவனத்தின் 757 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சொத்துகளை முடக்கியது. குற்றச்சாட்டுகளை நிறுவனம் ஏற்கவில்லை. ஒரு நிறுவனத்தைப் பழிப்பது நம் நோக்கமும் அன்று. எங்கள் வீட்டு நட்டத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

நாம் கருத வேண்டியது 2016இல் மத்திய நுகர்வோர் துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை. சேருவோரிடம் நுழைவுக் கட்டணம் கேட்கக் கூடாது. அவர் விற்கக்கூடிய அளவுக்கு மேல் சரக்கை வாங்கச் செய்யக் கூடாது. மனம் மாறினால் தண்டம் இன்றி விலக ஒரு கால அவகாசம் தர வேண்டும். விற்பனைக்குத் தகுதியோடிருக்கும் சரக்கைத் திரும்ப ஏற்க வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். 2021 டிசம்பரில் வெளியான நேரடி விற்பனை விதிகள், பிரமிடு திட்டத்தையும் பணச் சுழற்சித் திட்டத்தையும் வெளிப்படையாகத் தடுத்தன. ஹப்பான் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த மூன்று நாள் அவகாசத்தின் நியாயம் இன்றைய சட்டத்திலும் இடம் பெற்றிருப்பதைக் காணும்போது மகிழ்ச்சியே. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு மறைவாகக் கட்டணம் பெயரை மாற்றிக்கொள்ளும். எங்கள் வீட்டுக்கு அது ‘முதல் கொள்முதல்’ என்ற பெயரில் வந்தது.

பொறுமையும் பிடிவாதமும்

இனி மூலக் கேள்விக்கு வருவோம். போட்ட காசை எண்ணி ஒரு காரியத்தில் நிலைத்திருப்பது பொறுமையா?

பொருளியலார் இதற்கு எளிதாக விடை சொல்வார்கள். போனது போயிற்று, இனி வருவதை மட்டும் எண்ணு என்பார்கள். அவ்விடை காசுக்குப் பொருந்தும். வாழ்க்கை முழுமைக்கும் பொருந்துமா? நோயுற்ற மனைவியோடு இருபது ஆண்டு வாழ்ந்த கணவன், இனி என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து விலகுவானாயின் அவனை நாம் அறிவாளி என்போமா? இருபது ஜுஸ்உ மனனம் செய்த பிள்ளை சலிப்புற்றால், இத்தனை தூரம் வந்தாயே என்று சொல்லித் தேற்ற மாட்டோமா? கடந்ததை மதிப்பது மனித குணங்களில் உயர்ந்தது. அதனை அறவே விட்டவனுக்கு வாக்குறுதியும் இல்லை, நன்றியும் இல்லை.

ஆயின் இவ்விடங்களில் நம்மைக் கட்டுவது எது? கணவனைக் கட்டுவது மனைவி என்னும் மனிதப் பிறவிக்கு அவன் கொடுத்த வாக்கு. பிள்ளையைக் கட்டுவது, ஏற்கெனவே நெஞ்சில் தங்கிவிட்ட பாடம். இருபது ஜுஸ்உ செலவாகி ஒழிந்து போகவில்லை, அவனுள் இருக்கிறது. வாக்குக்கு உரியவர் எதிரே நிற்கிறார். கற்றது கைவசம் இருக்கிறது. போட்ட காசுக்கோ வாக்குக் கொடுக்க ஆளில்லை. அது நம்மிடமும் இல்லை. காசுக்கு விசுவாசம் காட்ட வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. மனிதருக்கும் உண்மைக்கும் காட்ட வேண்டிய உறுதியைச் செலவான காசுக்குக் காட்டும்போது, பொறுமை என்னும் நற்குணம் பிடிவாதமாகத் திரிகிறது. வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் நானும் ஏமாந்தேன்.

இவ்விரண்டையும் பிரித்தறிய, என் தங்கை மகளிடம் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “மகளே, நேற்றுவரை ஒரு காசும் போடவில்லை என்று வைத்துக்கொள். இப்போது உனக்குத் தெரிந்த அனைத்தும் தெரிந்திருக்க, இன்று புதிதாக இதில் சேர்வாயா?” அவள் உடனே “சேர மாட்டேன் மாமா” என்றே சொல்லியிருப்பாள். அவ்வாறு சொல்லும்போது அவளைப் பிடித்திருப்பது காரியத்தின் நன்மை அன்று, போட்ட காசு என்பது இருவருக்கும் விளங்கியிருக்கும்.

இரண்டாவது கேள்வி இன்னும் கடுமையானது. ‘நான் இழந்ததை மீட்க, இன்னொருவர் இழக்க வேண்டியிருக்கிறதா?’ கருவியில் முதலை இழந்தவர் தம் உழைப்பால் மீள முயல்வார். வரிசையில் முதலை இழந்தவர் தமக்குப் பின்னே ஒருவரை நிறுத்தினால்தான் மீள முடியும். அங்கே நட்டம் தொற்றுநோயைப் போல் கைமாறுகிறது. நல்ல பெண்ணான என் தங்கை மகள், ஏழை ஒருத்தியை ஏமாற்றும் எண்ணம் கனவிலும் இல்லாதவள், அந்தத் தையற்கார அம்மையாரை அழைத்துச் சென்றதற்கு வேறு காரணம் இல்லை. தன் காசை நினைத்தாள். அதனால் எதிரே இருந்தவரின் காசு கண்ணில் படவில்லை. தொடக்கத் தொகையின் மிகப் பெரிய தீங்கு பையைக் காலி செய்வதன்று. நல்லவரின் கண்ணை இப்படி மறைப்பதே.

ஈடு

எல்லாம் முடிந்தபின் அவள் வெளியே வருவதையே குறைத்துக்கொண்டாள். கணவரிடம் சொல்லவும் அஞ்சினாள். காசு போடும் முதற்பூட்டுக்கு மேல், நாணம் போடும் இரண்டாம் பூட்டு இது. ‘ஏமாந்தாயே’ என்று குடும்பத்தார் குத்திப் பேசுவார்கள் என்ற அச்சமே பலரை நட்டத்திலிருந்து வெளிவர ஒட்டாமல் தடுக்கிறது. வளைகுடாவில் உழைக்கும் சகோதரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது: வீட்டிலிருந்து அத்தகைய செய்தி வந்தால், முதல் வார்த்தை கோபமாக இருக்க வேண்டாம். முதற்பணம் போனபோது மன்னித்தால் இரண்டாம் பணம் தப்பும். அவளுடைய கணவர் தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “போகட்டும், பிள்ளைகள் சாப்பிட்டார்களா?” என்றாராம். அந்த ஒரு சொல்லே அவளை மீட்டது.

அந்த அம்மையாரின் 15,000 ரூபாயை நானும் என் தங்கை மகளும் பாதிப் பாதியாகத் தவணையில் திருப்பிக் கொடுத்தோம். அழைத்துச் சென்றவள் அவள். விட நினைத்தவளை விடாதே என்று தடுத்தவன் நான். அந்த அம்மையார் முதலில் வாங்க மறுத்தார். “நீங்களும்தானே இழந்தீர்கள், உஸ்தாது” என்றார். எங்கள் நட்டம் எங்கள் கணக்கு, உங்கள் நட்டம் எங்கள் பொறுப்பு என்று சொல்லிக் கொடுத்தோம். புதிய இயந்திரம் இப்போது அவர் வீட்டில் ஓடுகிறது.

என் தங்கை மகள் இன்று இடியாப்ப மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் விற்கிறாள். முதல் வாரம் போட்ட முதல் 600 ரூபாய். இடையே கம்பு மாவும் போட்டுப் பார்த்தாள்; எவரும் வாங்கவில்லை; இரண்டாம் வாரமே நிறுத்திவிட்டாள். அதைச் சொல்லும்போது, “முன் வைத்த காலைப் பின் வைத்துவிட்டேன் மாமா” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நெஞ்சுக்குள் சற்று வலித்தது.

நம் முன்னோர் ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்றும் சொல்லி வைத்தார்கள். முன் வைத்த காலைப் பற்றிய சொல்லை மாணவர்களுக்குச் சொல்லும் நாளில், இதனையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறேன். சொன்ன சொல்லுக்கு உறுதியாய் இருக்கும் வலிமையையும், தவறிய வழியிலிருந்து நாணமின்றித் திரும்பும் தெளிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.